காலையில் ஓர் அளவு, பின்னேரம் பாதி அளவு: தோளில் ஒட்டும் மின்வாய் என்ன செய்கிறது?

கேள்வியை நான் விளங்கிக்கொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். இலங்கை மலையகத்தில் டிக்கோயாப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் 12 பெண்களின் தோள்தசையில் மின்வாய் ஒட்டி, காலையில் மலைக்குப் போகுமுன் ஒரு தடவையும், பின்னேரம் மடுவத்தில் கொழுந்தை எடைபோட்ட பிறகு ஒரு தடவையும் தசை மின்பதிவு எடுத்திருக்கிறீர்கள். இரண்டு தடவையும் கைகளை முன்னால் நீட்டி 30 செக்கன் பிடிக்கச் சொல்லியிருக்கிறீர்கள். இடையில் மின்வாயைக் கழற்றிவிட்டுப் பின்னேரம் புதிதாக ஒட்டியிருக்கிறீர்கள். களைத்த தசையில் வீச்சம் (அலையின் உயரம்) கூடும் என்று படித்திருக்க, உங்களுக்கோ பின்னேர அளவு காலை அளவில் பாதியளவுதான் வந்திருக்கிறது. "எந்த மின்வாய் வாங்கினால் சரியாக வரும்?" என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். ஆனால் உங்களை உறுத்துவது வேறு கேள்வி என்றே எனக்குப் படுகிறது: அந்தப் பாதி குறைந்தது தசையிலா, தோலிலா?

நான் மலையகத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் நரம்பு, தசைப் பரிசோதனை அறையில் 16 வருடமாக வேலை செய்கிறேன். அம்மா கொழுந்து பறித்துத்தான் எங்களை வளர்த்தார். அதனால் உங்கள் ஆய்வு நல்லபடி முடிய வேண்டும் என்ற ஆசை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது. அந்த ஆசையோடுதான் சொல்கிறேன்: மின்வாயைக் கழற்றி மறுபடி ஒட்டிய இரண்டு பதிவுகளின் மைக்ரோவோல்ட் அளவை அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. எந்த விலையில் மின்வாய் வாங்கியிருந்தாலும் இதே பதில்தான்.

ஏன் என்று பார்ப்போம். தசை சுருங்கும்போது ஒவ்வொரு தசைநாரிலும் ஒரு மின் அலை ஓடுகிறது. அதன் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 4 மீற்றர். ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான நார்களில், வெவ்வேறு ஆழத்தில், வெவ்வேறு தருணத்தில் அலைகள் ஓட, அவை எல்லாம் கொழுப்பையும் தோலையும் கடந்து வெளியே வந்து கலந்த கலவையைத்தான் மின்வாய் எடுக்கிறது. தேர்த் திருவிழாக் கூட்டத்தின் சத்தத்தை லயத்துக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயிருந்து கேட்பது மாதிரி. கூட்டம் பெரிதா சிறிதா என்று ஒரு மாதிரி தெரியும். ஆனால் கதவு எவ்வளவு சாத்தியிருக்கிறது, நாம் எந்தச் சுவர்ப் பக்கம் நிற்கிறோம் என்பதைப் பொறுத்துச் சத்தம் கூடும், குறையும். தோலும் கொழுப்பும்தான் கதவு. மின்வாயை ஒட்டிய இடம்தான் நாம் நிற்கும் இடம்.

கதவிலிருந்து தொடங்குகிறேன். தோலின் மேல்படை செத்த செல்களால் ஆனது. காய்ந்திருக்கும்போது அதன் மின்தடை நூற்றுக்கணக்கான கிலோ ஓம் வரை போகும். ஜெர்மனியில் எமில் து புவா ரேமோன் 1840களின் கடைசியில் மனிதக் கையிலிருந்து தசை மின்னோட்டத்தை முதன்முதலாகக் காட்டியபோதே இந்தச் சிக்கலில் மாட்டினார். மின்னோட்டத்தைக் காட்டும் கல்வனோமானியின் முள் அசைந்தது, ஆனால் மிகக் கொஞ்சமாக. தோல்தான் தடுக்கிறது என்று ஊகித்து, தன் கையில் கொப்புளம் வரவைத்து, அந்தத் தோலை எடுத்துவிட்டு மறுபடி அளந்தார். முள் பல மடங்கு அசைந்தது. இன்று நமக்கு அவ்வளவு கொடுமை தேவையில்லை. ஸ்பிரிட் தொட்ட பஞ்சும், மெல்லிய உரசுதாளோ உரசும் பசையோ போதும்.

போன மாதம் ஓர் அக்கா வந்தார், தோள்வலி. கழுத்தடியில் தலைமுடியிலிருந்து இறங்கிய தேங்காய் எண்ணெய், அதன் மேல் வலித் தைலம். முதல் பஞ்சு மஞ்சளாக வந்தது, இரண்டாவது பழுப்பாக, நாலாவதுதான் வெள்ளையாக வந்தது. அப்புறம் உரசுதாளால் நாலைந்து தரம் மெதுவாக இழுத்தேன், தோல் இலேசாகச் சிவந்தது. துடைக்குமுன் மீற்றரில் 90 கிலோ ஓமுக்கு மேல் இருந்தது, துடைத்த பிறகு 6. அதே ஆள், அதே தோள், இடையில் பத்து நிமிடம் கூட ஆகவில்லை.

ஆனால் இங்கே பலர் செய்யும் ஒரு தவறான முடிவையும் சொல்ல வேண்டும். "தோல் தடை கூடினால் வீச்சம் குறையும்" என்று வாய்ப்பாடு மாதிரிச் சொல்வார்கள். சமிக்ஞையைப் பெருக்கும் விரியலாக்கியின் உள்ளீட்டுத் தடை குறைவாக இருந்தால்தான் அது பெரிய விடயம். உள்ளீடு 1 மெகா ஓம், தோல் 200 கிலோ ஓம் என்று வைத்தால் சமிக்ஞையில் ஆறில் ஒரு பங்கு தோலிலேயே போய்விடும். இன்றைய நல்ல கருவிகளில் உள்ளீடு நூற்றுக்கணக்கான மெகா ஓம், அதற்கும் மேல். அங்கே தோல் தடை வீச்சத்தைத் தின்பது பேருக்குத்தான். வேறு வழியில் கெடுக்கும். இரண்டு மின்வாய்களுக்குக் கீழே தடை சமமாக இல்லாவிட்டால், நம்மைச் சுற்றியுள்ள வயர்களிலிருந்து வரும் 50 ஹேர்ட்ஸ் கரண்ட் இரைச்சல் இரண்டு பக்கமும் ஒரே அளவில் வந்து ஒன்றையொன்று கழிக்காமல், மிச்சம் பதிவுக்குள் ஏறிவிடும். ஆக, உங்கள் காலைப் பதிவில் காய்ந்த தோலும் இரைச்சலும் சேர்ந்து வீச்சத்தைப் பொய்யாக உயர்த்தியிருக்கவும் இடமுண்டு. அதைக் கண்டுபிடிப்பது சுலபம். கைகளை மடியில் போட்டு ஓய்வாக இருந்த நேரத்துப் பதிவை எடுத்து மீடிறன் (செக்கனுக்கு எத்தனை அலை) வாரியாகப் பிரித்துப் பாருங்கள். 50இல் ஓர் ஊசி நட்டுக்கொண்டு நின்றால் விடயம் விளங்கிவிடும். 50ஐ மட்டும் வெட்டும் வடிகட்டியைப் போட்டுச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். தோள்தசைச் சமிக்ஞையின் பலமான பகுதியே 50க்கும் 150க்கும் இடையில்தான் இருக்கிறது, நல்லதும் சேர்ந்து போய்விடும். லப்டொப்பைச் சார்ஜரிலிருந்து கழற்றிப் பற்றரியில் ஓட்டினாலே பாதித் தொல்லை தீரும்.

பின்னேரத்துக்கு வருவோம். ஆறேழு மணித்தியாலம் மலையில் நின்று, மழைக்காக பிளாஸ்டிக் போர்த்து, கூடையோ சாக்கோ முதுகில் தொங்க வேலை செய்தவரின் தோள் நனைந்திருக்கும். வியர்வை உப்புத்தண்ணீர், கரண்ட் கடத்தும். இரண்டு மின்வாய்களுக்கும் நடுவில் அது ஒரு படையாகப் பரவினால், இரண்டும் கிட்டத்தட்ட ஒரே புள்ளியைத் தொட்ட மாதிரி ஆகிவிடும். நாம் அளப்பது இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தை, எனவே வீச்சம் விழும். ஒட்டும்போது ஜெல் பிதுங்கி இரண்டையும் இணைத்தாலும் இதேதான். உங்கள் பின்னேரக் குறைவுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதையும், அடுத்துச் சொல்லப்போகும் இடப்பிழையையும்தான். எது எவ்வளவு என்று பதிவைப் பார்க்காமல் பங்கு பிரித்துச் சொல்ல மாட்டேன்.

இடம்தான் எல்லாவற்றிலும் பெரிய விடயம், இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நீங்கள் அளந்தது ட்ரபீசியஸ் தசையின் மேற்பகுதி. ஐரோப்பிய ஆய்வாளர்கள் 1990களின் பிற்பாதியில் சேர்ந்து வகுத்த செனியம் என்ற பரிந்துரையில் இதற்கான இடம், கழுத்தின் ஏழாவது முள்ளெலும்புக்கும் தோள்நுனி எலும்புக்கும் இடையில் கோடு போட்டு அதன் சரிபாதி. ஆனால் அந்தச் சரிபாதிக்குக் கிட்டத்தான் இந்தத் தசையில் நரம்பு வந்து சேரும் இடமும் பலருக்கு இருக்கிறது. நரம்பு சேரும் இடத்திலிருந்து மின் அலை இரண்டு பக்கமும் ஓடும். அதன் இருபுறமும் ஒவ்வொரு மின்வாயை வைத்தால், இரண்டுக்கும் ஒரே நேரத்தில் ஒரே அலை வந்து சேர்கிறது, வித்தியாசம் கழிந்துவிடுகிறது. தசை முழுமூச்சாக வேலை செய்யும், திரையில் வீச்சம் குறைவாகத் தெரியும். அதனால்தான் சரிபாதியிலிருந்து 2 சென்ரிமீற்றர் தோள்நுனிப் பக்கம் தள்ளி ஒட்டுங்கள் என்று வேறு ஆய்வாளர்கள் சொன்னார்கள். நானும் அப்படித்தான் செய்கிறேன். நீங்கள் எதைப் பின்பற்றினாலும் பரவாயில்லை, ஆனால் காலையில் ஓர் இடம், பின்னேரம் ஒரு சென்ரிமீற்றர் தள்ளி இன்னோர் இடம் என்றால், உங்களுக்கு வந்த அளவு வித்தியாசம் அந்த ஒரு சென்ரிமீற்றரில் மட்டுமே வர முடியும்.

இதற்கு நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பழைய எக்ஸ்ரே படத்தில் ஒரு கீற்று வெட்டி, 20 மில்லிமீற்றர் இடைவெளியில் இரண்டு ஓட்டை போட்டு, அதைத் தோளில் வைத்து முள்ளெலும்பு, தோள்நுனி, பக்கத்தில் உள்ள மச்சம், தழும்பு எல்லாவற்றையும் அந்தப் படத்தின் மேலேயே பேனாவால் குறித்துக்கொள்வேன். ஆளுக்கு ஒரு கீற்று, பெயருக்குப் பதில் இலக்கம். மறுபடி வரும்போது மச்சத்தோடு மச்சம் பொருத்தினால் இடம் வந்துவிடும். கையைத் தூக்கும்போது தோல் தசைக்கு மேலே வழுக்கும் என்பதையும் மறக்காதீர்கள். கொழுந்து பறிக்கும் மாதிரிக் கைகளை முன்னால் நீட்டிய நிலையிலேயே குறியுங்கள். கையை மடியில் வைத்துக் குறித்த இடம் வேலை நேரத்தில் அந்த இடமாக இருக்காது.

நீங்கள் பாவித்தது ஈசிஜிக்கான பெரிய வட்டப் பட்டைகள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் குற்றமில்லை, வெள்ளி மற்றும் வெள்ளிக் குளோரைட்டால் ஆன, ஜெல் வைத்த மின்வாய் நம்பகமானதுதான். தோலுக்கும் உலோகத்துக்கும் இடையில் அயன்கள் போய்வர அது இடம் கொடுக்கிறது, அதனால் அதன் மின்னழுத்தம் அதிகம் அலைவதில்லை. வெறும் எவர்சில்வர் மாதிரி உலர் உலோகங்கள் இந்த விடயத்தில் இன்னும் கவனம் கேட்கும். சிக்கல் பட்டையின் அகலத்தில் இருக்கிறது. இரண்டு பட்டைகளைப் பக்கத்தில் ஒட்டினாலே நடுப்புள்ளிகளுக்கு இடையில் 35, 40 மில்லிமீற்றர் ஆகிவிடும். மின்வாய்த் தூரம் ஒரு வடிகட்டி மாதிரி வேலை செய்கிறது. கடத்தல் வேகத்தைத் தூரத்தால் வகுத்தால் எந்த மீடிறன் கழிந்துபோகும் என்று வரும். 4 மீற்றரை 20 மில்லிமீற்றரால் வகுத்தால் 200 ஹேர்ட்ஸ். 40 மில்லிமீற்றர் என்றால் 100 ஹேர்ட்ஸ், அதாவது சமிக்ஞையின் நடுமையத்திலேயே பள்ளம். நிஜத்தில் எல்லா நாரும் ஒரே வேகத்தில் ஓடாததால் பள்ளம் இவ்வளவு கூராக விழாது. ஆனாலும் காலையில் நெருக்கி ஒட்டி, பின்னேரம் அகட்டி ஒட்டியிருந்தால் வீச்சமும் மாறும், மீடிறனும் மாறும். அகட்டி ஒட்டினால் பக்கத்துத் தசைகளின் சமிக்ஞையும் கூடுதலாகக் கலக்கும். பட்டையின் ஒட்டும் ஓரத்தை, ஜெல்லைத் தொடாமல், கத்தரிக்கோலால் நறுக்கி 20க்குக் கொண்டுவாருங்கள். பைக்கற்றைத் திறந்து நாள்கணக்கில் விட்ட மின்வாயைப் பாவிக்க வேண்டாம்.

அந்தக் கடைசி வசனத்தை நான் நட்டப்பட்டுக் கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு பெண்ணின் இடது தோள் வலது தோளைவிட மிகவும் பலவீனமாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தேன். அந்த அறிக்கையை வைத்து அவரை மேலும் பரிசோதனைகளுக்குக் கண்டிக்கு அனுப்பினார்கள். இரண்டு நாள் சம்பளம் போய், பஸ்ஸில் போய் வந்தார். ஒன்றுமில்லை. பிறகு யோசித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது: இடது பக்கத்துக்கு நான் எடுத்தது பழைய பைக்கற்றில் மிஞ்சிக் கிடந்த இரண்டு, ஜெல் காய்ந்து தோல் மாதிரி ஆகியிருந்தது. இரண்டு பக்கத்தையும் மாற்றி ஒட்டிப் பார்த்திருந்தால் அஞ்சு நிமிடத்தில் தெரிந்திருக்கும். அந்த அம்மாவின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இடது, வலது பேச்சு வந்ததால் ஒன்று: இடது தோள் பதிவில் இதயத்தின் துடிப்பு அதிகம் ஏறும். ஓய்வுப் பதிவில் ஒழுங்கான இடைவெளியில் மேடுகள் தெரிந்தால் அது தசை வேலை செய்வதல்ல. கீழ்மீடிறன்களை 20 அல்லது 30 ஹேர்ட்ஸ் வரை வெட்டினால் பெரும்பகுதி குறையும், வயர் ஆடுவதால் வரும் அலைச்சலும் அதோடு போகும்.

இனி, களைப்பு. தசை ஒரே பாரத்தைத் தாங்கிக்கொண்டே களைத்தால் வீச்சம் கூடி மீடிறன் இறங்கும் என்பது உறுதியான விடயம். ஆனால் அது தொடர்ந்து பிடித்திருக்கும் ஒரே பிடியில், மின்வாயை அசைக்காமல் பார்க்கும்போது. காலைக்கும் பின்னேரத்துக்கும் இடையில் சாப்பாட்டு இடைவேளை, மடுவத்துக்கு நடை, காத்திருப்பு எல்லாம் இருக்கின்றன. தசை ஓரளவு மீண்டிருக்கும். அதோடு நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. குளிர்ந்த தசைநாரில் மின் அலை மெதுவாக ஓடும், மீடிறன் இறங்கும். டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் சால்வையைப் போர்த்திக்கொண்டு நிற்பவரின் தோளும், பின்னேரம் வேலை செய்து சூடேறிய தோளும் ஒன்றல்ல. காலையில் குளிரால் இறங்கிய மீடிறன் பின்னேரம் சூட்டால் ஏறும், களைப்பு அதை இறக்கப் பார்க்கும். இரண்டும் எதிரெதிரே இழுப்பதால் மீடிறனை மட்டும் பார்த்து "களைப்பு இல்லை" என்று எழுதிவிடாதீர்கள். தோலின் வெப்பநிலையையாவது இரண்டு தடவையும் குறித்துவைத்தால் நல்லது.

சரி, எடுத்த தரவை என்ன செய்வது? காலையும் பின்னேரமும் ஒட்டிய உடனே ஏதாவது ஒரே மாதிரியான அளவுப் பிடியை எடுத்திருந்தால், உதாரணத்துக்கு ஒரு கிலோ நிறையைக் கையில் கொடுத்துத் தோள்மட்டத்தில் பக்கவாட்டில் நீட்டிப் பிடிப்பது, மற்ற எல்லாவற்றையும் அந்தந்தத் தடவையின் பிடியால் வகுத்து வீதமாக எழுதலாம். தோலும் இடமும் கொண்டுவந்த பிழையில் பெரும்பகுதி வகுபடும் எண்ணிலும் வகுக்கும் எண்ணிலும் இருப்பதால் கழிந்துவிடும். இதிலும் ஓர் எல்லை இருக்கிறது, பின்னேரம் அந்தப் பிடியையே களைத்த தசைதான் பிடிக்கிறது. முழுப்பலத்தோடு இழுக்கச் சொல்லி அதைச் சுட்டளவாக வைப்பது பாடப்புத்தகத்தில் அழகாக இருக்கும், ஆனால் தோள் வலிக்கும் ஒருவர் முழுப்பலத்தைத் தரமாட்டார், தரவும் கூடாது. நம் பெண்களுக்குச் சிறு நிறைதான் பொருத்தம் என்பது என் எண்ணம்.

அப்படிப் பிடி எதுவும் எடுக்கவில்லை என்றால், காலை, பின்னேர மைக்ரோவோல்ட் ஒப்பீட்டை ஆய்விலிருந்து எடுத்துவிடுங்கள். மனவருத்தம் வரும், எனக்குத் தெரியும். ஆனால் ஒரே ஒட்டலுக்குள் நடந்தது எல்லாம் உங்களுக்கு மிச்சம் இருக்கிறது: 30 செக்கன் பிடிக்குள் வீச்சமும் மீடிறனும் எப்படி நகர்ந்தன என்பது காலைக்குத் தனியாக, பின்னேரத்துக்குத் தனியாக நல்ல தரவு. மறுபடி போக முடிந்தால் வேலை நேரத்திலேயே ஒட்டிவிட்டு, தோள்தசை எத்தனை தடவை கணநேரம் ஓய்கிறது என்று பாருங்கள். நோர்வேயில் பொதி கட்டும் வேலை செய்த பெண்களில் இப்படிப் பார்த்தார்கள். முழுப்பலத்தில் நூற்றுக்கு அரை வீதத்துக்குக் கீழே 0.2 செக்கனாவது இறங்கினால் அது ஓர் இடைவெளி. தோள்வலி வந்தவர்களுக்கு அந்த இடைவெளிகள் குறைவாக இருந்தன. கொழுந்து பறிக்கும் கை ஓயாத வேலைக்கு இதைவிடப் பொருத்தமான அளவீடு எனக்குத் தோன்றவில்லை. மேலே சொன்ன காரணத்தால் முழுப்பலத்துக்குப் பதில் உங்கள் ஒரு கிலோப் பிடியை வைத்தே எல்லையைப் போடலாம். ஆனால் கணக்கைப் பாருங்கள்: முழுப்பலத்தில் 500 மைக்ரோவோல்ட் வரும் ஒருவருக்கு அரை வீதம் 2.5 மைக்ரோவோல்ட். உங்கள் ஓய்வுப் பதிவின் இரைச்சலே 5 என்றால் ஓர் இடைவெளிகூடத் தெரியாது, எல்லாரும் ஓய்வே இல்லாமல் வேலை செய்வதாகத் தரவு சொல்லும். பஞ்சு வெள்ளையாக வரும்வரை துடைப்பது இந்த இடத்தில்தான் பலன் தரும். கூடைக் கயிறு மின்வாயில் படாமல், வயரை மைக்ரோபோர் பிளாஸ்டரால் சட்டைக்குள் ஒட்டி, ஒட்டிய பின் அஞ்சு, பத்து நிமிடம் பொறுத்துத் தொடங்குங்கள்.

அதற்கு முன் ஒரே ஒரு சின்னப் பரிசோதனை. மூன்று பேரைக் கூப்பிட்டு, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா மாதிரிக் கதவு சாத்தக்கூடிய ஓர் அறையில், ஒட்டுவதற்கு ஒரு பெண்ணையும் வைத்துக்கொண்டு, ஒரு பதிவு எடுங்கள். கழற்றுங்கள். ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, அதே இடத்தில் புதிதாக ஒட்டி மறுபடி எடுங்கள். இடையில் வேலை இல்லை, களைப்பு இல்லை. அப்போதும் வரும் வித்தியாசம்தான் உங்கள் மின்வாயும் கையும் சேர்ந்து செய்யும் பிழை. வேலை முடிந்து வரும் மாற்றம் அதைவிடத் தெளிவாகப் பெரிதாக இருந்தால் மட்டும் தசையைப் பற்றி எழுதுங்கள். அந்த மூன்று பேருக்கும் அன்றைய கிலோ குறைந்து அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழாமல் இருக்க, முதல் நாளே கங்காணியிடமும் துரையிடமும் பேசிவிடுங்கள்.